வேகமாகத் தட்டினால்தான் மார்க்கா? வகுப்பறை ஆன்லைன் க்விஸ் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில், வகுப்பில் ஆன்லைன் வினாடி வினா விளையாட்டு வைப்பது பற்றி உங்கள் சந்தேகங்களை எழுதச் சொல்லியிருந்தேன். ஆசிரியர்கள் மட்டும்தான் எழுதுவார்கள் என்று நினைத்தால் பெற்றோரும் மாணவர்களும்கூட நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பாடம் முடிந்ததும் கஹூட் (திரையில் வரும் கேள்விக்குப் பிள்ளைகள் தங்கள் போனில் விடையைத் தொடும் க்விஸ் விளையாட்டு) போடுகிறேன். வகுப்பே துள்ளுகிறது. ஆனால் அதே விஷயத்தைத் தேர்வில் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். நேரத்தை வீணாக்குகிறேனா?

வீணாக்கவில்லை. படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் அதிக நாள் தங்கும். இது நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறிய உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தவணை வாசித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு தவணை வாசித்துவிட்டு, மீதி மூன்று தவணையிலும் அதைப் பார்க்காமல் நினைவில் இருந்ததையெல்லாம் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கதையே மாறிவிட்டது: வாசித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரண்டாவது குழு வெற்றுத் தாளில் எழுதியது. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்லவில்லை. க்விஸ் விளையாட்டில் விடை ஏற்கெனவே திரையில் கிடக்கிறது, பார்த்தவுடன் 'இதுதானே' என்று அடையாளம் தெரிந்தால் போதும். அடையாளம் தெரிவது வேறு, தானாக நினைவுக்கு வருவது வேறு. உங்கள் பிள்ளைகள் தேர்வில் விழிப்பதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: விடைகளைக் காட்டும் முன்னால் கேள்வியை நீங்களே வாயால் சொல்லுங்கள், ஒவ்வொருவரும் பதிலை நோட்டில் ஒரு வரி எழுதட்டும், அப்புறம் திரையில் கேள்வியைத் திறங்கள். முப்பது நொடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

மீதிப் பாதிக் காரணம் நீங்கள் 'அடுத்து' பட்டனை எப்போது அழுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. எல்லோரும் பதில் சொன்னதும் எத்தனை பேர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பட்டை பட்டையாக ஒரு படம் வருமே, அந்த இடம்தான் முழு விளையாட்டிலும் விலை மதிப்பு உள்ள இடம். பெரும்பாலான வகுப்புகளில் அது இரண்டு மூன்று நொடிதான் திரையில் நிற்கிறது. பிள்ளைகள் 'யார் முதல், யார் முதல்' என்று கத்துவார்கள், ஆசிரியரும் அடுத்ததுக்குப் போய்விடுவார். போகாதீர்கள். நில்லுங்கள்.

உங்கள் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம். 'ஒரு பெரிய மரம். அதிலுள்ள ஈரத்தை எல்லாம் நீக்கிவிட்டால் மிஞ்சும் எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள். மண், தண்ணீர், காற்று, சூரிய ஒளி என்று நான்கு விடை. ஒளிச்சேர்க்கைப் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகளே இதில் மண் பக்கம் சாய்வார்கள். சரியான விடை காற்று: கார்பன் டை ஆக்சைடிலிருந்து வரும் கார்பனும் ஆக்சிஜனும்தான் மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி. பட்டைப் படத்தில் மண்ணுக்கு உயரமான பட்டை எழும்பி நிற்கும்போது சரியான விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் அந்தப் பிழை அப்படியே உள்ளே தங்கிவிடும். அந்த இடத்தில் வான் ஹெல்மான்ட் என்ற பழைய காலத்து ஆய்வாளரின் கதையைச் சொல்லுங்கள். சுமார் 90 கிலோ மண் நிரப்பிய தொட்டியில் இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவுக்கு மேல் வந்தது. மண்ணைக் காயவைத்து எடை போட்டால் குறைந்தது ஏறக்குறைய 57 கிராம்தான். அப்படியானால் மண் இல்லை. சரி, தண்ணீரா? அவர் அப்படித்தான் முடிவு செய்தார், 1648-இல் அச்சான அவருடைய நூலிலும் அப்படித்தான் இருக்கிறது. அவர் காற்றைக் கணக்கில் எடுக்கவே இல்லை. இதைச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டுப் போடச் சொல்லுங்கள். பட்டைகள் இடம் மாறுவதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். ஒரு வகுப்பு நேரத்தில் இப்படி இரண்டு கேள்வி நடந்தாலே போதும். இருபது கேள்வி ஓட்ட வேண்டியதில்லை.

எப்போது நிற்பது, எப்போது நகர்வது என்பதற்கு ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் வைத்திருக்கும் கணக்கு எனக்குப் பிடிக்கும். இந்த விளையாட்டுகள் எல்லாம் வருவதற்கு வெகு முன்பே, 1990-களின் தொடக்கத்திலிருந்து அவர் வகுப்பில் இப்படிக் கேள்வி போட்டுத்தான் பாடம் நடத்துகிறார். 70 சதவீதத்துக்கு மேல் சரியென்றால் சுருக்கமாக விளக்கிவிட்டுப் போகலாம். 30-க்குக் கீழே என்றால் பாடத்தையே திரும்ப எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் என்றால் விடையைச் சொல்லாமல், 'பக்கத்தில் வேறு விடை சொன்னவரிடம் பேசிப் பார்' என்று விட்டுவிட்டு மறு ஓட்டு. பக்கத்துப் பிள்ளை சொன்னால் புரிகிற சில விஷயங்கள் நாம் பத்துத் தடவை சொன்னாலும் புரியாது.

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. நன்றாகப் படிப்பாள், ஆனால் நிதானமாக வாசிப்பாள். க்விஸ் நடந்த நாளெல்லாம் முகம் வாடி வருகிறாள். 'எனக்கு எல்லாம் தெரியும்மா, ஆனா என் பேர் வரவே இல்ல' என்கிறாள். ஆசிரியரிடம் இதைப் போய்ச் சொல்லலாமா, அல்லது பழகிக்கொள்ளட்டும் என்று விடலாமா?

கட்டாயம் சொல்லுங்கள். அவள் சொல்வது உண்மையாகவே இருக்கும், அதைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

கஹூட்டில் ஒரு கேள்விக்கு வழக்கமாக அதிகபட்சம் 1000 புள்ளி. சரியான பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறீர்களோ அதற்கேற்ப அது குறையும், கடைசி நொடியில் சொன்னால் பாதி, அதாவது 500 வரை இறங்கும். முப்பது நொடிக் கேள்விகள் பத்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை பத்துக்கும் சரியாகப் பதில் சொல்கிறது, ஆனால் ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்து யோசித்துக் கடைசி நொடியில் தொடுகிறது: 5000 புள்ளி. இன்னொரு பிள்ளை ஆறுக்குத்தான் சரியாகச் சொல்கிறது, ஆனால் மூன்று மூன்று நொடியில் தட்டிவிடுகிறது: ஒன்றுக்கு 950 வீதம் 5700. ஆறு தெரிந்த பிள்ளை மேலே, பத்தும் தெரிந்த பிள்ளை கீழே. இதைப் பார்த்து அந்தக் குழந்தை தனக்குப் படிப்பு வரவில்லை என்று முடிவு கட்டினால் அது யாருடைய தவறு? வேகம் தேவைப்படும் இடங்கள் உண்டு, வாய்ப்பாடு அப்படி ஒன்று. வாசித்துப் புரிந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு வேகத்தை அளப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. கஹூட் உருவாகக் காரணமான ஆய்வைத் தொடங்கிய நார்வே பேராசிரியர் ஆல்ஃப் இங்கே வாங்கும் ரபைல் தாஹிரும் 2020-இல் 93 ஆய்வுகளைச் சேர்த்துப் படித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்தத்தில் கற்றலுக்கு நல்லதுதான் என்பது அவர்கள் முடிவு. ஆனால் மாணவர்கள் சொன்ன குறைகளையும் அவர்களே பட்டியல் போட்டிருக்கிறார்கள்: நேர நெருக்கடி, யோசிக்க நேரம் பற்றாதது, தோற்றுவிடுவோமோ என்ற பயம், ஒரு கேள்வி தப்பினால் மேலே வர முடியாதது, தொட்டபின் பதிலை மாற்ற முடியாதது. உங்கள் மகள் சொன்னது கிட்டத்தட்ட அதேதான்.

ஆசிரியரிடம் குறையாகப் போய்ச் சொல்லாமல், கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்குமான நேரத்தை நான்கு நிமிடம் வரைகூடக் கூட்டி வைக்கலாம். நேரம் கூடினால் நான்கைந்து நொடி வித்தியாசம் பெரிய புள்ளி வித்தியாசமாக ஆகாது. ஒரு கேள்விக்குப் புள்ளியே இல்லை என்றும் வைக்கலாம். குழுவாக விளையாடும் வசதி இருக்கிறது, அதில் பதில் தொடும் முன்னால் பேசிக்கொள்ளச் சில நொடி தருகிறார்கள். குவிஸிஸ் என்ற இன்னொரு க்விஸ் தளத்தில் (2025-இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள்) கேள்வி அவரவர் திரையிலேயே வரும், ஒவ்வொருவரும் தம் வேகத்தில் போகலாம், டைமரையும் தரவரிசைப் பட்டியலையும் ஆசிரியர் அணைத்தே வைக்கலாம். இதெல்லாம் ஏற்கெனவே உள்ள வசதிகள், ஆசிரியருக்குக் கூடுதல் வேலை எதுவும் இல்லை. அப்புறம் இன்னொன்று: கேள்வியை ஆசிரியர் சத்தமாக ஒருமுறை வாசித்துவிட்டால் மெதுவாக வாசிக்கும் பிள்ளைகள், பின் பெஞ்சிலிருந்து திரை தெரியாதவர்கள், கண்ணாடி மறந்து வந்தவர்கள் எல்லோருக்குமே நல்லது.

வீட்டில் அவளிடம் 'எத்தனாவது இடம்?' என்று கேட்காதீர்கள். 'எந்தக் கேள்வி கஷ்டமா இருந்துச்சு?' என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பில் பாதிப் பேரிடம் போனோ டேப்லெட்டோ கிடையாது. இருப்பவர்களுக்கும் நெட் பாதியில் நின்றுவிடும். இந்த விளையாட்டெல்லாம் எங்களுக்கு இல்லை என்று விட்டுவிடுவதா?

விட வேண்டாம். ஒரே ஒரு போன், உங்களுடையது, இருந்தால் போதும்.

பிளிக்கர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டை. நடுவில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம், நான்கு ஓரங்களிலும் சின்னதாக ஏ, பி, சி, டி. பி என்று பதில் சொல்ல நினைக்கும் பிள்ளை, பி எழுதிய ஓரம் மேலே வரும்படி அட்டையைத் திருப்பித் தூக்கிப் பிடிக்கும். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை மெல்ல நகர்த்தினால் யார் என்ன சொன்னார்கள் என்று போன் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு அட்டையிலும் வடிவம் வேறு வேறு, எழுத்தும் சின்னது, அதனால் பக்கத்தில் உள்ளவரைப் பார்த்துக் காப்பி அடிப்பதும் சுலபமில்லை. அட்டைகளை நீங்களே அச்செடுத்துக்கொள்ளலாம். தடிமனான தாளில் எடுங்கள், பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள், வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா தடுமாறும். பிடிக்கும்போது விரல் அந்தக் கறுப்பு வடிவத்தை மறைக்கக் கூடாது என்று முதல் நாளே பழக்கிவிடுங்கள். இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், வேகப் போட்டி கிடையாது. எல்லோர் அட்டையும் படிக்கப்படும் வரை பொறுமையாக நிற்கலாம், மனசு மாறினால் அட்டையைத் திருப்பிக்கொள்ளலாம். குவிஸிஸிலும் இதே மாதிரி காகித முறை ஒன்று இருக்கிறது.

நான்கைந்து பேருக்கு ஒரு போன் கிடைக்கும் என்றால் குழுவாக விளையாடுங்கள். ஆனால் போனை வைத்திருக்கும் பிள்ளையே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், இது எல்லா வகுப்பிலும் நடக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் போன் அடுத்த கைக்கு மாற வேண்டும் என்று விதி வையுங்கள்.

நெட் நின்றுவிட்டால்? கேள்விகளை ஒரு தாளில் எடுத்து வைத்திருங்கள். ஒன்று முதல் நான்கு வரை விரல் காட்டச் சொல்லுங்கள், நெஞ்சோடு ஒட்டி, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல். மதிப்பெண் பட்டியல் கிடைக்காது, ஆனால் எத்தனை பேர் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது ஒரே பார்வையில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறேன். நல்ல க்விஸ் கேள்வி எழுதுவது எப்படி? ஆயத்தமாகக் கிடைக்கும் கேள்வித் தொகுப்புகளை எடுத்துப் பயன்படுத்தலாமா?

நல்ல கேள்வியின் உயிர் அதன் தவறான விடைகளில் இருக்கிறது. சரியான விடை எழுத யாருக்கும் தெரியும். மற்ற விடைகளைச் சும்மா இடம் நிரப்பப் போட்டால், பாடம் தெரியாத பிள்ளையும் கழித்துக் கழித்துச் சரியானதற்கு வந்துவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரிய வராது.

பின்னக் கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 1/2 + 1/3 எவ்வளவு? சரியான விடை 5/6. தவறான விடையாக 2/5 போடுங்கள்: மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டும் பிள்ளை அதைத் தொடும். 1/6 போடுங்கள்: கூட்டலுக்குப் பதில் பெருக்கிய பிள்ளை அதற்கு வரும். 2/6 போடுங்கள்: பகுதியைச் சமமாக்கத் தெரிந்து, தொகுதியை மாற்ற மறந்த பிள்ளை அங்கே போகும். இப்போது பட்டைப் படத்தைப் பார்த்தால் எத்தனை பேருக்குத் தவறு என்பதோடு, யாருக்கு என்ன குழப்பம் என்பதும் தெரிகிறது. 2/5-க்கு எட்டுப் பேர் போயிருந்தால் அந்த எட்டுப் பேருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது வேறு, 2/6-க்குப் போன நான்கு பேருக்குச் சொல்ல வேண்டியது வேறு. இப்படிப்பட்ட தவறான விடைகளை எங்கே தேடுவது என்றால், பிள்ளைகளின் பழைய விடைத்தாள்களில். அதைவிட நல்ல சுரங்கம் கிடையாது.

நான்கு விடை கட்டாயம் வேண்டும் என்பதில்லை. பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் பற்றிய 80 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மைக்கேல் ரோட்ரிகஸ் 2005-இல் மூன்று விடையே போதும் என்ற முடிவுக்கு வந்தார். நான்காவது நல்ல தவறு கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். 'மேற்கண்ட அனைத்தும்' வேண்டாம். 'கீழ்க்கண்டவற்றுள் எது தவறானதன்று' வேண்டவே வேண்டாம், அது பாடத்தைச் சோதிக்காமல் வாக்கியத்தைப் பிரிக்கத் தெரியுமா என்று சோதிக்கிறது. சரியான விடை மட்டும் நீளமாகவும் மற்றவை குட்டையாகவும் இருந்தால் பிள்ளைகள் ஒரே வாரத்தில் அந்த ரகசியத்தைப் பிடித்துவிடுவார்கள்.

தமிழில் கேள்வி எழுதுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். கஹூட்டில் கேள்விக்கு 120 எழுத்து, விடைக்கு 75 எழுத்து என்று எல்லை உண்டு. கணினி நம் எழுத்தை நாம் எண்ணுவது மாதிரி எண்ணாது. 'கணக்கு' நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஆறு: புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ஆக, ஆங்கிலத்தில் அடங்கும் கேள்வி தமிழில் பாதியில் வெட்டுப்படும். நீளமான கேள்வியென்றால் அதைப் படமாகப் போட்டுவிட்டு, கேள்விப் பெட்டியில் 'படத்தைப் பார்த்துப் பதில் சொல்' என்று எழுதிவிடுங்கள்.

ஆயத்தத் தொகுப்புகளை எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் நீங்கள் ஒருமுறை விளையாடிப் பார்த்த பிறகு. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால் தவறான விடை 'சரி' என்று குறிக்கப்பட்டிருப்பது சாதாரணமாக நடக்கும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் கேள்விகளுக்கும் இதே எச்சரிக்கைதான். பிள்ளைகள் தேர்ந்தெடுத்த தவறான விடையே பிறகு உண்மை மாதிரி நினைவில் தங்கிவிடுவதுண்டு என்று ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005-இல் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் சரியான விடையையும் அதற்கான காரணத்தையும் உடனே சொல்லிவிட வேண்டும். க்விஸ் முடிந்து மணி அடித்துவிட்டது, நாளைக்குப் பார்ப்போம் என்று விடக் கூடாது.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு மாணவன். எங்கள் வகுப்பில் சிலர் அசிங்கமான பெயர்களில் நுழைகிறார்கள், ஒருவரைக் கிண்டல் செய்தே பெயர் வைக்கிறார்கள். விளையாட்டில் நுழைவதற்கான பின் நம்பரை வெளியே அனுப்பி யார் யாரோ வருகிறார்கள். சார் கோபப்பட்டு விளையாட்டையே நிறுத்திவிட்டார். என்ன செய்யலாம்?

இதையெல்லாம் தடுக்க வழி இருக்கிறது. இந்தப் பத்தியை உன் ஆசிரியரிடம் காட்டு. கஹூட்டில் பெயரை நாமே வைத்துக்கொள்ளாமல் அதுவே ஒரு பெயர் கொடுக்கும்படி வைக்கலாம், அப்போது கிண்டல் பெயருக்கு இடமே இல்லை. காத்திருக்கும் திரையில் வேண்டாத பெயரைத் தொட்டால் அவர் வெளியே போய்விடுவார். வெளியாட்கள் வராமல் இருக்க இரண்டு கட்ட நுழைவு என்று ஒன்று உண்டு: பின் நம்பரோடு, வகுப்புத் திரையில் தெரியும் வடிவங்களின் வரிசையையும் தொட வேண்டும், அந்த வரிசை சில நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே வகுப்பில் உட்கார்ந்திருப்பவரால் மட்டும்தான் நுழைய முடியும். ஒருவரைக் கிண்டல் செய்து வைத்த பெயர் திரையில் வருவது விளையாட்டே இல்லை. அது அந்தப் பிள்ளையை முழு வகுப்புக்கும் முன்னால் அவமானப்படுத்துவது. அதை நீ பார்த்தால் அன்றைக்கே ஆசிரியரிடம் தனியாகச் சொல்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. முழுப் பெயர், மின்னஞ்சல், பிறந்த தேதி எதுவும் பிள்ளைகளிடம் வாங்காமலே இவற்றில் பெரும்பாலானவற்றை விளையாட முடியும். வரிசை எண் போதும். 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்கு திறப்பதாக இருந்தால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். முதலில் ஜாலியாக இருந்தது. இப்போது நான்கு பாடத்திலும் இதே விளையாட்டு, இதே இசை. சலித்துவிட்டது. எங்களுக்குத்தான் இப்படியா?

இல்லை. மேலே சொன்ன வாங் இதையே தனியாக ஆராய்ந்து 2015-இல் எழுதியிருக்கிறார். ஐந்து மாதம் தொடர்ந்து பயன்படுத்திய வகுப்பில் ஆர்வமும் கவனமும் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் வகுப்பின் கலகலப்பு, ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது, அது குறைந்திருந்தது. கவனியுங்கள், அது ஒரே ஒரு பாடத்தில். நான்கு பேராசிரியர்களும் ஒரே விளையாட்டைப் பிடித்துக்கொண்டால் சலிக்காமல் என்ன செய்யும்?

உங்கள் வகுப்பில் கேள்விகளை மாணவர்களே எழுதலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு குழு கேள்வி எழுதி, தவறான விடைகள் ஒவ்வொன்றும் ஏன் ஒருவரை ஏமாற்றும் என்று விளக்க வேண்டும். அந்த விளக்கம் எழுத உட்கார்ந்தால் பாடத்தை எந்த அளவுக்குப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். குவிஸ்லெட் லைவ் என்ற குழு விளையாட்டில், குழுவில் உள்ள ஒருவர் திரையில் மட்டும்தான் சரியான விடை இருக்கும், அதனால் பேசாமல் விளையாடவே முடியாது, அதையும் முயலச் சொல்லலாம். இசையைப் பொறுத்தவரை, தாராளமாக நிறுத்தச் சொல்லுங்கள். யோசிக்க வேண்டிய நேரத்தில் அந்தச் சத்தம் யாருக்கும் உதவாது.

ஆசிரியர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், ஐந்து கேள்வி போதும். இன்றைய பாடத்தில் இரண்டு, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று. பழையதைக் கலப்பது மிக முக்கியம், மறக்க ஆரம்பித்த நேரத்தில் தேடி எடுப்பதுதான் நன்றாக ஒட்டும்.

கேள்வி: க்விஸ் மதிப்பெண்ணை அகமதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லி எங்கள் பள்ளியில் யோசனை வந்திருக்கிறது. உங்கள் கருத்து?

வேண்டாம். போனின் வேகம், நெட்டின் வேகம், விரலின் வேகம் எல்லாம் கலந்த எண் அது. பக்கத்துத் திரையைப் பார்த்துச் சொன்ன பதிலும் அதில் இருக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், மார்க் என்று வந்தவுடன் பிள்ளைகள் தவறு செய்யப் பயப்படுவார்கள், தவறை மறைப்பார்கள், பிறகு பட்டைப் படம் உங்களுக்கு உண்மை சொல்லாது.

மதிப்பெண்ணுக்குப் பதில் அறிக்கையைப் பயன்படுத்துங்கள். விளையாட்டு முடிந்ததும் கேள்வி வாரியாக எத்தனை பேர் சரி, எத்தனை பேர் தவறு, யார் எதைத் தொட்டார்கள் என்று ஓர் அறிக்கை கிடைக்கும், அதை அட்டவணையாக இறக்கிக்கொள்ளலாம். அதில் பாதிப் பேருக்கு மேல் தவறவிட்ட கேள்விகளை மட்டும் குறித்துவைத்து, மறுநாள் வகுப்பை அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து அதே கேள்வியை எண்களை மாற்றி, விடைகளே கொடுக்காமல், தாளில் எழுதச் சொல்லுங்கள். அகமதிப்பீட்டுக்கு ஏதாவது வேண்டும் என்றால் அந்தத் தாளை எடுத்துக்கொள்ளலாம், அதுவும் முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு.